கழிப்பறைச் சுவரும் காப்பி மேசையும்

டெல்ஃபீன் மே ஸ்கோக்லுண்ட், பிறப்பு 1950, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியின் மேல் ஏறி நிற்கிறார். சுவரிலுள்ள வாத்துப் படம் இடப்பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. மேலங்கிப் பையிலிருந்து ஒரு சிறிய ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைக்கிறார்; குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். முன்மேசைப் பெண் தலை நிமிரவில்லை.

"ஆச்சா, டெல்ஃபீன்?"

"ஆச்சு. நாளைக்கு மறுபடியும் சாயும். உங்க சுவத்துக்குப் பின்னாடி மோட்டார் ஓடுது. பல்லைப் பிடுங்குறப்பல்லாம் வாத்து கொஞ்சம் இறங்குது."

ஹால்வர் லேக் என்னும் அச்சிற்றூரில் அவர் கை படாத சுவர்ப்படம் அரிது. வங்கி, முடிதிருத்தகம், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடும் மதுக்கடை ஆகிய எல்லா இடங்களிலும் அவர் வந்துபோன பிறகு படங்கள் நேராக நிற்கும். ஒரு சவ அடக்கத்தின்போது, இரங்கல் வரிசையில் நின்றபடியே இறந்தவரின் உருவப்படத்தை அவர் நிமிர்த்திவைத்ததுண்டு. விதவை அவர் கையைப் பற்றிக்கொண்டு, "உயிரோட இருந்தப்பவே அவர் கொஞ்சம் சாஞ்சுதான் நிப்பார், விடுங்க" என்றாராம். டெல்ஃபீன் விடவில்லை.

ஆறடிக்கு இரண்டு விரல் குறைவான உயரம். நரைத்த தலையை ஆண்களைப் போலக் குட்டையாக வெட்டியிருப்பார். முப்பத்தொரு ஆண்டுகள் மாவட்டச் சாலை அலுவலகத்தில் அளவைக் கோல் பிடித்து, மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தார் அன்பளிப்பாகக் கொடுத்ததே அந்தப் பித்தளை ரசமட்டம். யாரேனும் அவரோடு வாதிட்டால் அதைத்தான் சாட்சிக்கு அழைப்பார். "நான் சொல்லல, குமிழி சொல்லுது" என்பது அவர் முடிவுரை.

ஊரின் ஓவியக்கூடம் பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. இரண்டு வண்டிகள் நின்ற இடம் இப்போது இரண்டு கூடங்கள். வீரர்கள் சறுக்கி இறங்கிய பித்தளைக் கம்பம் நடுவில் அப்படியே நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் ஊரார் கண்காட்சி நடக்கும். ஊரில் வசிக்கும் எவரும் ஒரு படம் தரலாம். வேண்டாம் என்று எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே எண்பதுக்கும் குறையாமல் வந்து சேரும். அவற்றுள் சிவப்புக் களஞ்சியங்கள் இருபது, ஏரியில் நீந்தும் லூன் பறவைகள் பதினைந்து, சூரிய அஸ்தமனங்கள் பத்து. மீதி நாய்களும் பேரப்பிள்ளைகளும். வருகிறவர்கள் தமக்குப் பிடித்த படத்தின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கவிழ்த்துவைத்த பழைய சிவப்புத் தீயணைப்புத் தொப்பிக்குள் போடுவார்கள். மிகுதியான சீட்டுப் பெற்ற படம் ஓராண்டு முழுவதும் நூலகத்தில், புத்தகம் எடுக்கும் மேசைக்கு மேலே தொங்கும். அதற்குமேல் ஒரு புகழை ஹால்வர் லேக் அறியாது.

இந்த எண்பது படங்களையும் பன்னிரண்டு ஆண்டுகளாக மாட்டுகிறவர் டெல்ஃபீன். விதிகள் அவரே தட்டச்சு செய்தவை, ஒற்றைத் தாள், கதவில் ஒட்டியிருக்கும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐம்பத்தேழு அங்குலம். "அதுக்கு மேல போனா சர்ச்சு, கீழ போனா நாய்தான் பாக்கணும்" என்பது விளக்கம். படத்துக்கும் படத்துக்கும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி. எந்தச் சுவரும் வெறுமையாக இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் பின்புறமுள்ள பெயரின்மீது பச்சை நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வரைந்தவர் யாரென்று தெரியாமல், அளவையும் நிறத்தையும் மட்டும் பார்த்து இடம் ஒதுக்க வேண்டும் என்பதே நோக்கம். எந்த எண் யாருடையது என்னும் பட்டியல், கூடத்தை நடத்தும் சங்கத்தின் செயலர் ஆர்வில் ரேட்ஸ்கேயின் சட்டைப் பையில் இருக்கும். சோளம் பயிரிடுபவர், இரகசியம் காப்பது அவர் முகத்துக்கு ஒத்துவராத வேலை.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை உண்டு. டெல்ஃபீனுக்கு எல்லாப் பெயர்களும் தெரியும். எவரும் அவரிடம் சொல்வதில்லை. படத்தின் பின்னாலுள்ள கம்பியே சொல்லிவிடும். பல் மருத்துவர் தையல் போடுவதுபோல் ஐந்து பொடி முடிச்சுகள் போடுவார். பாதிரியார் ஒன்று போதும் என்ற இடத்தில் நான்கு போடுவார், நம்பிக்கை குறைவு போலும். ஆர்வில் கம்பியையும் காலணிக் கயிறுபோல் பூ முடிச்சாகக் கட்டிவிடுவார். அவர் வரைந்த உழவுவண்டிகள் இருமுறை கீழே விழுந்திருக்கின்றன. கம்பியைப் பார்க்காமல் படத்தை மாட்ட முடியாது. பார்த்தபின் தெரியாததுபோல் இருப்பது டெல்ஃபீனின் நேர்மை. அதில் அவர் தவறியதில்லை. தவறாததன் விலையையும் கொடுத்திருக்கிறார்.

விலை என்பது அவருடைய தங்கை மேவிஸ்.

பின்கூடத்தில் கழிப்பறைக் கதவுக்கும் தீயணைப்பான் பெட்டிக்கும் நடுவே பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரு சுவர்த்துண்டு உண்டு. பன்னிரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட எதுவும் அங்கே அடங்காது. 2015ஆம் ஆண்டு அங்கே அடங்கிய ஒரே படம் மேவிஸ் வரைந்த ஏரி. டெல்ஃபீன் முடிச்சைப் பார்த்தார். தங்கை என்று தெரிந்தது. விதிப்படி அங்கேயே மாட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். திறப்பு விழா மாலையில், தம் படம் அதுவென்று மேவிஸ் ஊராருக்குக் காட்டிக்கொண்டு நிற்கையில், படத்திலிருந்த நீர்மட்டம் வலப்பக்கம் சரிந்திருப்பது அவர் கண்ணை உறுத்தியது.

"மேவி, உன் ஏரி சாஞ்சிருக்கு. இப்படியே விட்டா விடியறதுக்குள்ள தண்ணியெல்லாம் ரேட்ஸ்கேயோட சோளக்காட்டுல கொட்டிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். மேவிஸ் படத்தைக் கழற்றித் தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் கூடத்தின் படி மிதிக்கவில்லை. இருவர் வீட்டுக்கும் இடையே இரண்டே தெரு. தேவாலயத்தில் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் உட்கார்ந்தனர். மேவிஸ் செவ்வாய்க்கிழமை மளிகை வாங்கினார். டெல்ஃபீன் புதன்கிழமைக்கு மாறிக்கொண்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டைகள் மட்டும் தவறாமல் வந்து போயின, உறவினர்களுக்கு எழுதுவதுபோல் அல்ல, மாவட்ட ஆட்சியாளருக்கு எழுதுவதுபோல் முழுப்பெயருடன்.

2024 அக்டோபர் எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, டெல்ஃபீன் வழக்கம்போல் எண்பத்துநான்கு படங்களைத் தரையில் பழுப்புத் தாளின்மீது வரிசையாகக் கவிழ்த்துப் போட்டுக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்றாம் எண்ணில் அவர் கை நின்றது. கம்பி வளையத்துக்குள் இருமுறை நுழைந்து, தன்மேலேயே எட்டுச் சுற்றுச் சுற்றி, வால்முனை உட்புறமாக மடிந்திருந்தது. வேலிக்கம்பி பசுவின் மூக்கைக் குத்தக்கூடாது என்பதற்காக அவர் தந்தை கட்டிய கட்டு அது. அதை அவர் இரண்டு பேருக்குத்தான் கற்றுக்கொடுத்தார். ஒருவர் டெல்ஃபீன். இந்தப் படத்தை அவர் கட்டவில்லை.

மெல்லத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ஏரி. மறுபடியும் நீர்மட்டம் வலப்பக்கம் சரிந்திருந்தது. இம்முறை முன்னிலும் அதிகமாக. ஆனால் படத்தின் அடியில் ஒரு படகின் விளிம்பு தெரிந்தது. விளிம்பில் முட்டுக்கொடுத்தபடி இரண்டு ஜோடி ரப்பர் பூட்சுகளின் முனைகள்: ஒரு ஜோடி சிவப்பு, மற்றொரு ஜோடி, இரண்டு அளவு பெரியது, பச்சை. மீனை இழுக்கத் தந்தை ஒரு பக்கம் குனியும்போது படகு சாயும். படகு சாய்ந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஏரிதான் சாயும். பச்சைப் பூட்சு டெல்ஃபீனுடையது. அவரும் அந்தப் படகில் இருந்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் ரசமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

பிறகு டேப்பை எடுத்துப் படத்தை அளந்தார். அகலம் பன்னிரண்டு அங்குலம்; ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்ற எண்பத்துமூன்றும் பதினான்குக்கு மேல்.

ஆர்வில் படிக்கட்டில் காப்பிக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நாற்பத்தொண்ணு எங்க போகுது?" என்றார், அயலூர்க்காரர் ஒருவரின் உடல்நலத்தை விசாரிப்பவர்போல.

"எங்க அடங்குதோ அங்க."

"இல்ல, சும்மா கேட்டேன். கம்பத்துக்கு எதிர்ல நல்ல வெளிச்சமா ஒரு இடம் இருக்கே."

"அது முப்பது அங்குலப் படத்துக்கு. ஏன் கேக்குறீங்க? நாற்பத்தொண்ணு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லக்கூடாது."

"அப்ப சொல்லாதீங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாடா ஒட்டியிருக்கே."

இருவரும் அந்தப் பச்சை நாடாவை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்கள்.

"டெல்ஃபீன், ஒரே ஒரு வருஷம் அந்தக் கழிப்பறைச் சுவத்தைச் சும்மா விட்டா வானம் இடிஞ்சா விழுந்துரும்?"

"கதவுல தாள் ஒட்டியிருக்கு, படிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் ஒரு தாள்தான்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று முழுதும் அவர் ஆணி அடித்த வேகத்தில் சுவருக்கே வலித்திருக்கும். அங்கே மாட்டினால் தங்கை இந்தப் பிறவியில் திரும்பமாட்டாள். வேறிடத்தில் மாட்டினால், பன்னிரண்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் பொய். பாதிரியாரின் மனைவியையே ஒருமுறை அதே சுவருக்கு அனுப்பியிருக்கிறார். தம் தாளைத் தாமே இருமுறை படித்தார். உயரம் இருந்தது, இடைவெளி இருந்தது, நாடா இருந்தது. காப்பிப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இங்கே அவருடைய ஒரு குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எந்தப் படம் எங்கே தொங்கியது, எது வென்றது என்று அதில் வரைபடத்தோடு எழுதிவைப்பார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்பது முறை வென்ற படம், காப்பி மேசையிலிருந்து ஆறடிக்குள் இருந்த படம். மக்கள் ஓவியத்தின் முன் சராசரி எட்டு நொடியும், லெமன் பார் என்னும் எலுமிச்சை இனிப்பு வைத்த தட்டின் முன் நான்கு நிமிடமும் நிற்கிறார்கள். வாய் மெல்லும்போது கண் எதிரிலுள்ள சுவரைத்தான் பார்க்கும். இந்தக் கண்டுபிடிப்பை அவர் எவரிடமும் வெளியிட்டதில்லை. வெளியிட்டால் ஊர் இரண்டாகிவிடும் என்பது அவர் அச்சம்.

வியாழக்கிழமை காலை அவர் நாற்பத்தொன்றாம் எண்ணைப் பதினெட்டு அங்குலச் சுவரில், ஒற்றைக் கொக்கியில், ஐம்பத்தேழு அங்குல உயரத்தில், குமிழி நடுவில் நிற்க மாட்டினார். பிறகு முன்கூடத்து ஜன்னலோர மேசையின் ஒரு முனையைப் பிடித்துப் பின்கூடத்துக்கு இழுக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டுக் காப்பிப் பொறுப்பாளர் பெர்னிட்டா ஓடிவந்தார்.

"அடியே டெல், என்னடி பண்றே? கழிப்பறை வாசல்லயா காப்பி வைக்கப் போறே?"

"அங்க இடம் தாராளமா இருக்கு."

"தாராளமா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு! யாருமே அங்க நிக்க விரும்பறதில்ல! பிளக்கும் இந்தப் பக்கம்தான். முப்பது வருஷமா ஜன்னலோரம்தான் காப்பி."

"இருபத்தஞ்சடி ஒயர் கொண்டுவந்திருக்கேன்."

பெர்னிட்டா ஒயரைப் பார்த்தார். புத்தம் புதியது, கடைக்காரர் கட்டிய நூல்கூட அவிழவில்லை. பழைய சாக்குக் கயிற்றையும் தூக்கி எறியாத டெல்ஃபீன் புது ஒயர் வாங்கியிருக்கிறார் என்றால் அது சாதாரணச் செய்தி அல்ல. பெர்னிட்டாவின் பார்வை மெதுவாக நகர்ந்து, தீயணைப்பான் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய சரிந்த ஏரியில் போய் நின்றது. ஹால்வர் லேக்கில் ஏரியைச் சரித்து வரைகிறவர் ஒருவரே என்பதை அறிய முடிச்சு தேவையில்லை.

"அந்த முனையைப் பிடி" என்றார் பெர்னிட்டா. "லெமன் பார் ரெண்டு தட்டு எக்ஸ்ட்ரா போடறேன். கேட்டா, கை கழுவ வசதின்னு சொல்லிக்கலாம்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, மீன் வறுவல் மணத்தோடு ஊர் வந்து சேர்ந்தது. அரைமணி நேரத்துக்குள் ஒரு குழப்பம் பிறந்தது. காப்பிக்கான வரிசையும் கழிப்பறைக்கான வரிசையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பல் மருத்துவர் பத்து நிமிடம் பொறுமையாக நின்று, கதவருகே வந்தபோது கையில் காலிக் குவளையுடன் இருப்பதை உணர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பாதிரியாரின் நிலை அதற்கு நேர்மாறு. அவர் அவசரமாக வந்தவர். பெர்னிட்டா அவர் கையில் காப்பியைத் திணித்துவிட்டார்.

"இது எந்த லைன்பா?"

"நிக்கிறதா இருந்தா நில்லு. கடைசியில ஏதாவது ஒண்ணு கிடைக்கும்."

நின்ற அத்தனை பேரும் வேறு வழியின்றி நாற்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்தார்கள். முதலில் சும்மா பார்த்தார்கள். பிறகு ஒருவர், "இது படகுலேருந்து பாக்குற மாதிரி இல்ல?" என்றார். இன்னொருவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். சற்று நேரத்தில் வரிசையே தலையைச் சாய்த்து நின்றது. பென்சில்கள் கைமாறின. தொப்பியில் சீட்டுகள் விழுந்தன.

டெல்ஃபீன் கம்பத்தருகே நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிவரை மேவிஸ் வரவில்லை. ஏழேகாலுக்கும் இல்லை. ஆர்வில் அருகே வந்து, "நான் எதுவும் சொல்லல" என்று தாமாகவே சொல்லிவிட்டுப் போனார். ஏழரைக்கு, நல்ல நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சண்டைக்கு வருகிறவர்போல் கைப்பையை இறுகப் பிடித்தபடி மேவிஸ் உள்ளே வந்தார். முன்கூடத்தின் நாற்பது படங்களில் ஒன்றையும் பார்க்காமல் நேரே பின்கூடத்துக்கு நடந்தார். வரிசை, இன்னதென்று தெரியாமலே, வழிவிட்டது. டெல்ஃபீன் பின்னாலேயே போய் மூன்றடி தள்ளி நின்றார்.

மேவிஸ் படத்தைப் பார்த்தார். கழிப்பறைக் கதவைப் பார்த்தார். தீயணைப்பானைப் பார்த்தார்.

"மறுபடியும் இங்கதான் மாட்டியிருக்கே."

"அங்கதான் அடங்குச்சு."

"அடங்கும். பன்னெண்டு அங்குலம்னு அளந்து, சட்டத்தை அறுத்து, அதுக்குன்னே வரைஞ்சேன்ல."

டெல்ஃபீன் சட்டத்தின் அறுத்த மூலைகளைக் குனிந்து பார்த்தார்.

"நீ இங்க மாட்டறியா, இல்ல எம் மூஞ்சிக்குப் பயந்து கம்பத்துக்கு எதிர்ல மாட்டறியான்னு பாக்கத்தான்" என்றார் மேவிஸ். "கம்பத்துக்கு எதிர்ல இருந்திருந்தா அப்படியே கழட்டிட்டுப் போயிருப்பேன். என்மேல பரிதாபப்பட்டு யாரும் எனக்கு இடம் தர வேண்டாம்."

"பரிதாபமெல்லாம் இல்ல. தாள்ல இருக்கு."

"அது சரி. காப்பி எதுக்குடி இங்க வந்துது?"

"ஒயர் எட்டுச்சு."

"ஜன்னல்லேருந்தா?"

"நீளமான ஒயர்."

மேவிஸ் குனிந்து, தரையோரமாகக் கூடம் முழுதும் ஓடிவந்திருந்த புது ஒயரை அதன் மூலம் வரை கண்ணால் பின்தொடர்ந்தார். நிமிர்ந்தபோது உதட்டோரம் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று பெர்னிட்டாவுக்கே விளங்கவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக ஒரு லெமன் பாரை அவர் கையில் வைத்தார்.

"பச்சைப் பூட்சு என்னோடதுதானே?" என்று டெல்ஃபீன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேற யாரோடது? எப்பவும் என் காலை மிதிச்சுக்கிட்டே இருக்கும்."

"மேவி, அன்னிக்கு நான் படகை நெனைக்கல. தப்புதான்."

"ஒன்பது வருஷம் ஆச்சு உனக்கு."

"ஒரு படகை வரைஞ்சு காட்ட உனக்கும்தான் ஒன்பது வருஷம் ஆச்சு."

வரிசையில் எவரோ சிரித்தார்கள். இம்முறை மேவிஸும் சிரித்தார். லெமன் பாரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கைச் சுட்டுவிரலைப் படச்சட்டத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் வைத்து மெல்ல மேலே தூக்கினார். ஒற்றைக் கொக்கியில் தொங்கிய படம் இணங்கித் திரும்பியது. சட்டம் படு கோணலாயிற்று. உள்ளே ஏரி நேராயிற்று.

"இந்தா, இனிமே கொட்டாது. ரேட்ஸ்கேகிட்ட சோளத்தை அறுக்கச் சொல்லு."

ஆர்வில் காப்பிக் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கூடம் டெல்ஃபீனைப் பார்த்தது. அவர் கை தன்னிச்சையாக மேலங்கிப் பைக்குள் போய் ரசமட்டத்தோடு வெளியே வந்தது. ஓரடி முன்னால் வைத்து, அதைச் சட்டத்தின் மேல் வைக்காமல், வண்ணத்தில் படாதபடி ஏரியின் நீர்மட்டத்தோடு ஒட்டிப் பிடித்தார். குமிழி ஒருமுறை அசைந்து, இரு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது. அதைத் தங்கைக்குக் காட்டிவிட்டு, மட்டத்தைப் பைக்குள் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டினார்.

டெல்ஃபீன் மே ஸ்கோக்லுண்ட் ஒரு படத்தைக் கோணலாகவே விட்டுவைத்தது முதலும் கடைசியுமாக அன்றுதான்: 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை.